செய்ய விடாததும் செய்ய முடியாததும்

நீ செல்போனில் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டேன் கண்ணு. பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்தி, கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். "பாத்தீங்களாம்மா? மார்கழி முடிஞ்சதும் கோயமுத்தூருக்கே வந்துருங்க. ராயபுரத்து ஊட்ட யாருக்காச்சும் வாடகைக்கு உட்டரலாம்." அதற்குப் பிறகு நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போன் எடுக்கத் தெரியவில்லை என்று அதையும் அறிக்கையில் சேர்த்துவிடாதே. எடுக்கத் தெரியும். எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழுதினால் நான் பேசுவேன், நீ கேட்பாய். இந்த வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து ரொம்ப நாளாகிறது.

இதை நீ மட்டும் படித்தால் போதாது. உன் பெண்டாட்டி கவிதாவும் படிக்கட்டும். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பயிற்சி கொடுக்கிற அந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் அனுப்பு. இந்தத் திருப்பூரில் இடுப்பு உடைந்த தாயையும் கை கால் விழுந்த தகப்பனையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற எல்லோரும் படிக்கலாம். நான் எப்படிக் கக்கூஸுக்குப் போகிறேன் என்பதையே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிவிட்டார்கள். இனி எனக்கு என்ன ரகசியம்?

ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது படியில் கால் வழுக்கியது, இடுப்பெலும்பு முறிந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள். அதில் யாருக்கும் வழக்கில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வரும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஊட்டுக்கே பிசியோ வருவாங்கம்மா. என்னென்ன வேலை உங்களால முடியுது, முடியலேன்னு பாத்து ரிப்போர்ட் குடுப்பாங்க. தனியா இருக்கலாம்னு வந்தா இருங்க. முடியாதுன்னு வந்தா எங்ககூட வந்தரணும்." நான் சரி என்றேன். நியாயமான பேச்சு. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றே என் காலம் போயிற்று. பிசிறு வெட்டும் எடுபிடி ஆளாக, கைமடியாகச் சேர்ந்து, சட்டை லேபிளில் இருந்த இங்கிலீஷை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, கடைசியில் செக்கிங் கான்ட்ராக்ட்டே எடுத்து நடத்தினவள். பார்த்து முடிவு சொல்வதுதான் எனக்குச் சோறு போட்டது. சோதனைக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் தைத்து வந்த பீஸை விரித்துப் பார்க்காமல், மடித்தபடியே வைத்துக்கொண்டு முடிவு சொல்கிற செக்கரை நான் ஒரு மணி நேரம்கூட மேசையில் நிற்க விட்டதில்லை.

முதல் சோதனைக்கு ஜெபராஜ் வந்தான். பிசியோ படித்த பையன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு வந்தவர். பிறந்ததே இங்கேதான் என்றாலும் பேச்சில் இன்னும் தாமிரபரணித் தண்ணீர் ஓடுகிறது. என்னை ஆச்சி என்றான். நீயும் கவிதாவும் கல்யாணப் பெண்ணுக்குக் காவல் மாதிரி என் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"ஆச்சி, காலையில கட்டில்ல இருந்து நீங்களாவே எந்திரிக்கியளா?" என்று அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "இல்லீங்க, நான் புடிச்சுத் தூக்கி உடறனுங்க."

குளியல்? கவிதா தண்ணீர் வார்த்து விடுகிறாளாம். மாத்திரை? நீ எடுத்துக் கையில் கொடுக்கிறாயாம். சேலை? நைட்டி போதும் என்று முடிவு செய்துவிட்டீர்களாம், யார் முடிவு செய்தது என்று அவன் கேட்கவில்லை. சமையல் என்றதும் கவிதா பதறிக்கொண்டு, "அடுப்புப் பக்கமே அத்தையை உடறதில்லீங்க, எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். கடைக்குப் போவது பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் இனி எதுக்குங்க" என்று நீயே அந்தக் கேள்வியை மடித்து வைத்துவிட்டாய். ஒவ்வொன்றுக்கும் அவன் ஓரக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான். உதவி தேவை, உதவி தேவை, முழு உதவி தேவை. தாள் தலைகீழாக இருந்தது. எனக்குத் தலைகீழாகவும் படிக்க வரும். சரக்கு வாங்க வந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற பையர் ஆள் எழுதுவதை அப்படித்தான் இத்தனை வருஷம் படித்தேன்.

மாடிப்படி ஏற முடியுமா என்று கடைசியாகக் கேட்டான். "ஏறுவேன், கைப்பிடி இருந்தாப் போதும்" என்றேன். நீ சிரித்தாய். "அம்மா அப்படித்தாஞ் சொல்லுவாங்க சார்." அவனும் சிரித்தான். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பதில் அது. அதையும் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பில் கரைத்துவிட்டீர்கள்.

உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அது கொஞ்சம் குறைவாக இருந்தால் தேவலை என்று சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மைதான். நீ தூக்கிவிட்டாய், அவள் தண்ணீர் வார்த்தாள், அடுப்புப் பக்கம் விடவில்லை. ஆனால் அதெல்லாம் நீங்கள் செய்ததன் கணக்கு. என்னால் என்ன முடியும் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை, ஆபரேஷன் ஆன புதிதில் எனக்கே தெரியவில்லை. செய்ய விடாததையும் செய்ய முடியாததையும் ஒரே கட்டத்தில் எழுதினால் அது எப்படிச் சோதனையாகும்? தறியை நிறுத்தி வைத்துவிட்டுத் தறி ஓடவில்லை என்று எழுதுகிற மாதிரிதானே?

காங்கேயத்துப் பெரியப்பாவை நினைத்துப் பார். எண்ணெய் மில்லை ஒற்றை ஆளாக நடத்தினவர். லேசாக ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. நாம் முதல் தடவை பார்க்கப் போனபோது தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டார். மூன்று பையன்கள், மூன்றும் தங்கம். அப்பா எழுந்திருக்கும் முன்னால் தாங்கினார்கள், கை நீட்டும் முன்னால் டம்ளரை வாயில் வைத்தார்கள். அடுத்த பொங்கலுக்குப் போனபோது நாற்காலியில் இருந்தார். அதற்கடுத்து கட்டிலில். ஊரே அந்தப் பையன்களைப் பாராட்டியது. நீயும் வரும் வழியெல்லாம் பாராட்டினாய். பெரியப்பா மட்டும் என் காதோரம் சொன்னார், "என்னைய நல்லாப் பாத்துப் பாத்தே படுக்க வச்சுட்டானுக அம்மிணி." உன்னிடம் அப்போதே சொன்னேன். வியாதி முற்றினால் அப்படித்தான் என்று பதில் சொன்னாய். வியாதியும் இருந்திருக்கும். ஆனால் டம்ளரைப் பிடிக்காத கைக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்?

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் கவிதா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனாள். ஆள் போட்டுவிட்டுப் போகிறேன் என்றாய். வேண்டாம் என்று சண்டை போட்டேன். அடுத்த ரிப்போர்ட் வரும் வரைக்கும் என்று விட்டுக்கொடுத்தாய். மாடியில் குடியிருக்கிற ஒடிசாப் பெண் மினி காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்ப்பாள் என்று ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, நீங்கள் கிளம்பின பிறகுதான் எனக்கு வைத்தியம் ஆரம்பித்தது. காபி கேட்டால் கொடுக்க ஆள் இல்லை, அதனால் எழுந்தேன். ஜெபராஜ் வாரத்தில் சில நாள் வந்து காலை நீட்டு, மடக்கு என்பான், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். ஆனால் பால் பொங்கப் போகிறதே என்று கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடக்கிற நடை எந்தப் பயிற்சியிலும் வராது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். அரிசி களைந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து நானே தண்ணீர் வார்த்துக்கொண்டேன். மாத்திரை அட்டையில் காலை மாலை என்று பேனாவில் எழுதி வைத்து நானே போட்டுக்கொள்கிறேன்.

இப்படி இருக்கும்போது இரண்டாம் சோதனை வந்தது. அதில் எப்படி முதல் தடவையைவிட மோசமாக வந்தது என்று நீ கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. அம்மா இறங்கிக்கொண்டே போகிறாள் என்று முடிவு கட்டினாய். என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

பத்து மணிக்கு வருகிறேன் என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். நம் வீட்டுக்கு ஒருவர் சொல்லிவிட்டு வருகிறார் என்றால் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். வாசல் தெளிக்காமல், தலை முழுகாமல், அடுப்பில் வேலை பாதியில் கிடக்க ஒருவரை உள்ளே கூப்பிட்டதுண்டா? கம்பெனியிலும் அப்படித்தான், பையர் வருகிற அன்றைக்குப் பிசிறு ஒன்று தரையில் கிடக்காது. விடியும் முன்னே எழுந்தேன். நீளக் கழி மாப்பால் கூடத்தைத் துடைத்தேன். குளித்தேன். சுங்குடிச் சேலை கட்டினேன். உப்புமா கிண்டி மூடி வைத்தேன், காபி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றினேன். குளியலறை ஸ்டூல், கக்கூஸ் நாற்காலி, வாக்கர் மூன்றும் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று மினியை விட்டு மாடிக்கு ஏற்றச் சொன்னேன். எல்லாம் முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது இனி ஒரு அடி எடுத்து வைக்கத் தெம்பில்லை. அப்போதுதான் அவன் வந்தான்.

இந்தத் தடவை கேள்வி இல்லை, செய்து காட்டச் சொன்னான். உன் பேச்சை நம்பி எழுதியது சரியில்லை என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது, அதற்காக அவனை மெச்சுகிறேன். "ஆச்சி, எந்திரிச்சு வாங்க, ஒரு காபி போடுங்க, பாக்குதேன்" என்றான். காபி தயாராக இருக்கிறது, குடி என்றேன். இல்லை, அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும் என்றான். வந்த விருந்தாளியை அடுப்படியில் நிற்க வைத்துக்கொண்டு நான் பால் காய்ச்சுவதா? முடியாது என்றேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டான். குளிக்கிற இடத்தில் எப்படி உட்காருவீர்கள், சேலையோடு சும்மா உட்கார்ந்து காட்டுங்கள் என்றான். ஸ்டூல் மாடியில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு மானம் போயிற்று. உட்காராமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதிக்கொண்டான். கூடத்தில் நடக்கச் சொன்னான். காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் முழங்காலில் வந்து உட்கார்ந்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டான். துடைத்துப் பளபளவென்று கிடந்த கூடத்தைப் பார்த்து, "வேலைக்கு ஆள் வாராவளா ஆச்சி?" என்று கேட்டான். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேலைக்கு ஆள் உண்டு என்று அதையும் எழுதிவிட்டான்.

நான் தப்புச் செய்தேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. விருந்துக்கு வந்தவனா சோதிக்க வந்தவனா என்று ஒரு மனிதன் வாசலில் நிற்கும்போதே தெரிய வேண்டும். சோதிக்கத்தான் வருகிறான் என்றால் பத்து மணிக்கு என்று விருந்தாளி மாதிரி ஏன் சொல்லிவிட்டு வருகிறான்?

நீ அந்த அறிக்கையை அனுப்பின பிறகு ஜெபராஜைக் கூப்பிட்டேன். நாலு வார்த்தை கேட்டேன், ஐந்தாவதும் கேட்டேன். பொறுமையாக இருந்தான். "ஆச்சி, நான் கண்டததான் எழுதணும். நீங்க மகாராணி மாதிரி நாற்காலியில இருந்துக்கிட்டு, காபியப் பிளாஸ்க்ல அடைச்சு வச்சா, நான் என்னத்தக் கண்டு எழுத?"

"அப்படீன்னா வேலை நடக்கறப்ப வா சாமி. நான் கட்டில உட்டு எந்திரிக்கறதுக்கு முந்தி வந்து உக்காரு. உனக்குப் பச்சத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன்."

சிரித்தான். வரத் தயார் என்றான். ஆனால் அத்தனை காலையில் வர வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவர் ஆபீசுக்குப் போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டுமாம். நோயாளி சொன்னால் போதாதாம். எழுபது வயதுக்கு மேல் என் வீட்டுக் கதவை எனக்காகத் திறக்க என் மகன் அனுமதி வேண்டும். இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

யாரும் என்னிடம் கேட்காததை இப்போது நானே சொல்கிறேன். என்னால் முடியாதது நிறைய இருக்கிறது. தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுக்க முடியாது. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. தண்ணீர் நிறைந்த குடத்தை நகர்த்த முடியாது. சேலையைச் சுற்றிவிடுவேன், கொசுவத்தின் கீழ் மடிப்பைக் குனிந்து சரிசெய்ய முடியாது, அதை மினி வந்து மண்டியிட்டு இழுத்துவிடுகிறாள், இழுத்துவிட்டு "அச்சா, மாஜி" என்று இந்தியில் மெச்சிக் கன்னத்தையும் கிள்ளிவிட்டுப் போகிறாள். ஈரத்தில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. போன வாரம் ஒரு நாள் காலையில் கக்கூஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அந்தச் சேலையை நானே அலசிப் போட்டேன், அலசி முடிக்கும்வரை அழுதேன். இதையெல்லாம் நான் மறைப்பதாக நீ நினைக்கிறாய். நீ ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

செக்கிங் மேசையில் பீஸ் மூன்று பக்கமாகப் போகும். நல்லது ஒரு பக்கம். கழிவு ஒரு பக்கம். நடுவில் ஆல்ட்ரேஷன். தையல் விட்டிருக்கும், கழுத்துப் பட்டி கோணியிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். சரி செய்தால் பெட்டிக்குள் போகிற உருப்படி அது. புதிதாக வருகிற பெண்கள் பயத்தில் நடுப் பக்கத்தையே மறந்துவிடுவார்கள், சின்னக் கறையைக் கண்டாலும் கழிவில் எறிவார்கள். நீயும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து என்னை அப்படித்தான் எறியப் பார்க்கிறீர்கள். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வை என்று ஐப்பசியிலேயே சொன்னேன். வரும்போது பார்க்கலாம் என்றாய். அந்தக் கம்பி வந்திருந்தால் ஒரு கட்டம் மாறியிருக்கும். கக்கூஸ் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டால் இன்னொன்று மாறும். தண்ணீர் எடுத்து வைக்க மட்டும் ஒரு ஆள் வந்துபோனால் போதும். வீட்டையே மாற்றிக் கோயமுத்தூரில் பதினோராவது மாடியில் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் சுவரில் ஒரு கம்பியை முடுக்கிப் பார்த்தாயா? அங்கே அடுப்புத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றுகூட எனக்குத் தெரியாது. லிப்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்கிறதை அங்கே கண்ணைத் திறந்துகொண்டும் செய்ய வராது. அப்புறம் நீ அனுப்புகிற அறிக்கை எல்லாம் உண்மையாகிவிடும்.

அதனால் நான் கேட்பது இது. நாளைக்கே அந்த ஆபீசுக்குப் போன் செய்து, காலையில் வரட்டும் என்று சொல். மார்கழி முடிவதற்குள் வரட்டும். இந்தத் தடவை ஸ்டூலும் நாற்காலியும் வாக்கரும் அதனதன் இடத்தில் கிடக்கும். வீடு கூட்டாமல் கிடக்கும். தலை வாராமல் இருப்பேன். ஒரு வெளி ஆள் முன்னால் அப்படி இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரிந்தால் போதும். எழுவதிலிருந்து சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுவது வரைக்கும் அவன் பார்க்கட்டும், முடிந்ததை முடிந்தது என்று, முடியாததை முடியாதது என்று, எதை வைத்தால் முடியும் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அப்படிப் பார்த்த பிறகும் இவள் தனியாக இருக்கக் கூடாது என்று எழுதினால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். துணியை மடித்து வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பேன். பேச்சு மாறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நீயும் வருவேன் என்பாய். வராதே என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. வா. அடுப்படி வாசலுக்கு எதிரில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார். அவன் என்னைக் கேட்பதற்கு நீ பதில் சொல்லாதே. நான் ஒரு வேலைக்கு நேரமெடுத்துக்கொண்டால் பெருமூச்சு விடாதே. கால் தடுமாறும், நிச்சயம் தடுமாறும், நான் சுவரைப் பிடிப்பேன், பிடிக்கத் தெரியும். அப்போது நீ எழுந்து வராதே, கையை நீட்டாதே. பால் பொங்கினாலும் பொங்கட்டும். மகனால் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளும்படி ஜெபராஜிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கென்னவோ அதில்தான் நம் இருவருக்கும் சந்தேகம்.